நீர்வேங்கைக்கு ஒரு கண்டம்

"மனித வாடையே இல்லாத இந்த வனாந்தரத்தில், நானும் இயற்கையும் மட்டுமே இருக்கிறோம்" என்று கலைமணி கேமராவைப் பார்த்துச் சொல்லி முடிக்கவும், சுரபுன்னைப் புதருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண்குரல், "யோவ், புளிச்சோத்துல கைய வெக்காத. கரையேறினப்புறம் துன்னுக்கலாம்" என்று சொல்லவும் சரியாக இருந்தது.

"கட்" என்றார் கலைமணி.

பிச்சாவரத்தில் அதுதான் தொல்லை. எந்த வாய்க்காலுக்குள் நுழைந்து எந்த மேட்டில் ஏறி நின்று வனாந்தரம் என்று சொன்னாலும், வேருக்கு அந்தப் பக்கம் ஒரு சுற்றுலாப் படகு போய்க்கொண்டிருக்கும். அதில் ஒரு குடும்பம் இருக்கும். அந்தக் குடும்பத்தின் மடியில் ஒரு தூக்குவாளி இருக்கும்.

"மாமா, நீங்க டென்சன் ஆவாதீங்க. நான் பாத்துக்கறேன்" என்றான் கொளஞ்சியப்பன். கலைமணியின் மனைவி பவானிக்குத் தம்பி. சிதம்பரத்தில் கேபிள் வைத்திருக்கிறவன். தானே துவக்கிய வெள்ளாறு டிவிக்கு அவனே முதலாளி, அவனே டைரக்டர். படகிலிருந்து ஒரு பிளெக்ஸ் பேனரையும் கயிற்றையும் எடுத்து, வாய்க்கால் முகப்பில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் குறுக்கே கட்டினான். 'படப்பிடிப்பு நடைபெறுகிறது. உள்ளே வராதீர்கள். அலறல் கேட்டால் அஞ்சாதீர்கள்.' கடைசி வரி கலைமணி சொல்லிப் போட்டது. அலறல் என்ற சொல்லில் ஒரு கம்பீரம் இருப்பதாக அவருக்கு எண்ணம்.

சிதம்பரம் மேலவீதியில் கேரம்போர்டும் கிரிக்கெட் மட்டையும் விற்றுக்கொண்டிருந்த கலைமணி, 'தப்பிப் பிழை' நிகழ்ச்சிக்கு நாயகனான கதை சுருக்கமானது. கடையில் விற்காமல் கிடந்த ஒரு தொப்பியை அவர் தலையில் வைத்துப் பார்த்தார். மச்சான் அதைப் பார்த்துவிட்டான். அப்புறம் வாரா வாரம் வேப்பூர்ப் பக்கத்துக் காப்புக்காட்டில் தேன் எடுத்தார், சவுக்குத்தோப்பில் திசை கண்டுபிடித்தார், வாழைமட்டையில் படுத்து உறங்கினார். போன மாதம் கொள்ளிடத்தை நீந்திக் கடந்தார்.

கொள்ளிடத்தைக் கடந்தது தங்கராசு. கேபிள் ஒயர் இழுக்கிற பையன். தொப்பியோடு முதுகைக் காட்டிக்கொண்டு அவன் நீந்த, அக்கரையில் ஒரு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு மூச்சு வாங்கியது மட்டும்தான் கலைமணி. அவருக்கு நீச்சல் தெரியாது. சொந்த ஊர் காட்டுமன்னார்கோயில். வீராணம் ஏரி அலையடிப்பது வீட்டிலிருந்தே கேட்கும். ஆனால் பிறந்த சாதகத்தில் 'நீரில் கண்டம்' என்று எழுதியிருந்ததால், ஏரிக்கரைப் பக்கம் அவரைத் தலைவைத்துப் படுக்க விடவில்லை அம்மா. ஊர்ப் பிள்ளைகளெல்லாம் மதகில் குதித்தபோது அவர் வீட்டில் வாளித் தண்ணீரில் குளித்தார். இது பவானிக்குத் தெரியும். கொளஞ்சியப்பனுக்கும் தங்கராசுக்கும் தெரியும். நாலாவது ஆளுக்குத் தெரியாது.

தெரியவும் கூடாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் ஒரு சங்கம் அவருக்கு 'நீர்வேங்கை' என்று பட்டம் கொடுக்கப் போகிறது. வடக்குவீதியிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை போஸ்டர் ஒட்டியாகிவிட்டது. 'கொள்ளிடம் கடந்த கோமகனே' என்று தொப்பியோடு அவர் படம். விழாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வெள்ளத்தில் தப்பிப்பது எப்படி என்று அவர் சொல்லித்தருவதாகவும் அதில் இருந்தது.

அன்றைக்குப் பார்த்துத் தங்கராசுக்குக் குளிர்காய்ச்சல்.

"நாளைக்கு வெச்சிக்கலாமா மச்சான்?" என்று காலையில் கேட்டுப் பார்த்தார்.

"இன்னிக்கிக் கார்த்திகை அமாவாசை மாமா. நெறஞ்ச நாளு. வுட்டா அடுத்த மாசம் மார்கழி, எதையும் ஆரம்பிக்க முடியாது. முட்டி அளவு தண்ணில எறங்கி நில்லுங்க, மத்ததை எடிட்டிங்குல பாத்துக்கலாம்." ராகுகாலம் கழியட்டும் என்று காத்திருந்து, பூசணிக்காய் சுற்றி உடைத்து, சூடம் காட்டிவிட்டுத்தான் படகேறினார்கள். அமாவாசை கடலுக்கும் விசேஷ நாள் என்பதையும், அன்றைக்கு அது வழக்கத்தைவிட உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போகும் என்பதையும் எந்தப் பஞ்சாங்கத்திலும் அவர்கள் தேடவில்லை. ஊரிலிருந்து பவானி வேறு போனில் சொல்லியிருந்தாள்: "வீராணத்த தொறந்து வுட்டுட்டாங்களாம். அந்தத் தண்ணியெல்லாம் உங்க பக்கம்தான் வரும். பாத்து."

"என்னைத் தண்ணி என்ன பண்ணும்?" என்றார் கலைமணி, பக்கத்தில் நாலு பேர் நின்றதால்.

"என்ன பண்ணும்னு எனக்குத் தெரியாதா?" என்று வைத்துவிட்டாள்.

இப்போது மேட்டில் இரண்டே பேர். கலைமணியும் கேமராமேன் சார்லசும். சார்லஸ் புதுசு. கல்யாண வீடியோ எடுக்கிறவன். வரும் வெள்ளிக்கிழமை லால்பேட்டையில் ஒரு நிக்காஹ் ஆர்டர் இருந்தது. அதற்கு நடுவில் இதை ஒத்துக்கொண்டு வந்திருந்தான். படகோட்டி அந்தோணிசாமிக்கு ஒரு வாக்கு கொடுத்திருந்தார்கள்: கடைசியில் அவர் படகில் வந்து கலைமணியைக் கண்டுபிடிக்கிற மாதிரி ஒரு காட்சி. அதைக் கேட்டதிலிருந்து மனிதருக்குத் துடுப்பில் கவனம் போய்விட்டது. "ரெண்டு பேரும் எடுத்துக்கினு இருங்க, தோ வந்துர்றேன்" என்று படகைத் திருப்பினார். கொளஞ்சியப்பனும் அதே படகில் ஏறிக்கொண்டான். செல்போன்களையும் வாங்கி வைத்துக்கொண்டான். போன வாரம் வனாந்தரத்தின் நடுவில் கலைமணியின் பாக்கெட்டிலிருந்து குத்துப்பாட்டு ஒன்று முழுசாகப் பாடிவிட்டது.

படகு வளைவில் மறைந்தது.

"சார், கொஞ்சம் சிரிங்க. தலைய இந்தப் பக்கம். ஆங், அம்சமா இருக்கு" என்றான் சார்லஸ்.

"தம்பி, நான் உயிருக்குப் போராடுறேன்."

"சாரி சார். பழக்க தோஷம்."

மேட்டில் ஒரே ஒரு பெரிய மரம். மற்றதெல்லாம் நண்டுக்கால் மாதிரி வேரூன்றிய சுரபுன்னை. இடுப்புயரக் கிளைகள், ஏறினால் வளையும். கலைமணி பெரிய மரத்தின் அருகே போய் அதைத் தட்டிக் கொடுத்தார். இது அவருடைய ஸ்கிரிப்ட்டில் இல்லை. மரத்தைப் பார்த்ததும் சிதம்பரத்துக்காரர் மனசு பொங்கிவிட்டது.

"இதோ தில்லை மரம்! நம் ஊருக்குத் தில்லை என்று பேர் தந்த மரம். ஆடல்வல்லானின் தல விருட்சம். இன்று ஊருக்குள் தேடினாலும் கிடைக்காது. இதன் பால் தெய்வீக மூலிகை. காட்டில் களைத்தவனுக்கு இதுவே முதலுதவி." அரிவாளை ஓங்கி நாலு வெட்டு வெட்டினார். வெள்ளை வெளேரென்று பால் வழிந்தது.

"சார், அது ஒண்ணும் பண்ணாதே?"

"சாமி மரம் தம்பி. சாமி மரம் எங்கியாவது கெடுதல் பண்ணுமா?" என்றவர், மூன்று விரலால் பாலைத் தொட்டு, திருநீறு பூசுகிறாற்போல் நெற்றி நிறைய இழுத்துக்கொண்டார். கேமரா கிட்டே வந்தது. குளுகுளுவென்று இருப்பதாகச் சொன்னார். உண்மையில் அப்போது அப்படித்தான் இருந்தது.

வெயில் ஏறியது. நெற்றி வேர்த்தது. வேர்வை தன் வேலையைச் செய்தது.

முதலில் வலது கண்ணில் ஊசி குத்தினாற்போல் இருந்தது. கசக்கினார், அதே மூன்று விரலால். அதற்குப் பிறகு இரண்டு கண்ணிலும் மிளகாய்ப்பொடியை வைத்துக் கட்டினாற்போல் ஆகிவிட்டது. "அய்யோ" என்று மண்டியிட்டார். உப்புத் தண்ணீரை அள்ளி அடித்தார். அள்ளிய கையிலும் பால் இருந்தது. இமை வீங்கி மூடிக்கொண்டது.

"சூப்பர் சார். அப்படியே அழுவுங்க" என்றது சார்லசின் குரல்.

"டேய், நெசமா எரியுதுடா!"

"அப்பிடியே சொல்லுங்க சார், நல்லா வருது."

அவர் சட்டையைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் சார்லசுக்கு விளங்கியது. அவர் முகத்தைப் பார்த்துப் பதறுவதற்குள் அவன் இன்னொன்றைப் பார்த்துவிட்டான்.

"சார்... நம்ம கேமரா பையி எங்க சார்?"

"வேர்ல மாட்டி வெச்சோமே."

"வேரையே காணும் சார்."

கலைமணிக்குத் தெரியவில்லை. ஆனால் காலுக்குத் தெரிந்தது. மண்டியிட்டபோது கணுக்காலில் இருந்த தண்ணீர், எழுந்து நின்றபோது முழங்காலில் இருந்தது. கடல் கீழேயிருந்து வந்துகொண்டிருந்தது. வீராணத்து நீர் மேலேயிருந்து வந்துகொண்டிருந்தது. இரண்டும் சந்திக்கிற இடத்தில் தொப்பியோடு அவர்.

"மரத்துல ஏறிடலாம் சார்!" என்று சார்லஸ் ஓடினான், ஓடின வேகத்தில் நின்றான். வெட்டிய நாலு வாயிலிருந்தும் பால் அடிமரம் பூராவும் இறங்கியிருந்தது. "இதுல கைய வெச்சா என் கண்ணும் போயிருமே சார்."

மேட்டில் ஏறத்தக்க ஒரே மரத்தைப் பார்த்து வெட்டியிருந்தார் கலைமணி.

தண்ணீர் தொடைக்கு வந்தது. அடியில் சேறு இளகிக் காலை உள்ளே வாங்கத் தொடங்கியது. ஒரு காலை எடுத்தால் மற்றது இன்னும் இறங்கியது. சார்லஸ் ஒரு சுரபுன்னைக் கிளையை அவர் கையில் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னான். தானும் ஒன்றைப் பிடித்துக்கொண்டான். மற்றொரு கையில் கேமராவைத் தலைக்கு மேல் தூக்கியிருந்தான்.

புதருக்கு அப்பால் ஆள் பேச்சு கேட்டது. கலைமணி நெஞ்சை நிமிர்த்தினார். "காப்பாற்றுங்கள்! யாரேனும் இருக்கிறீர்களா? உயிருக்கு ஆபத்து!"

பேச்சு நின்றது. பிறகு கைதட்டல் கேட்டது.

"செம வாய்சுடா" என்றான் ஒருவன். இன்னொருவன் விசிலடித்தான்.

"ஹெல்ப்! ஹெல்ப்!" என்று சார்லஸ் கத்தினான்.

"இங்கிலீசுலயும் எடுக்கிறாங்கடா!"

"உள்ள போயி பாக்கலாமாண்ணா?" என்று யாரோ படகோட்டியைக் கேட்டதும் கேட்டது. "கூடாதுங்க. பேனர்ல போட்டுருக்கு பாருங்க, அலறல் கேட்டா அஞ்சாதீங்கன்னு. படம் பாழாப் போயிரும்" என்று அந்தப் படகோட்டி மரியாதையாகப் பதில் சொன்னான். துடுப்புச் சத்தம் தேய்ந்தது. சட்டத்துக்குக் கட்டுப்பட்ட குடிமக்கள் நிறைந்த ஊர்.

தண்ணீர் இடுப்பைத் தொட்டது. அந்தோணிசாமி வரவில்லை. அவர் எங்கே என்பது அப்புறம்தான் தெரிந்தது: பக்கத்து ஊரான கிள்ளையில் சலூன் நாற்காலியில், மீசைக்கு மை அடித்து, அது காயக் காத்துக்கொண்டிருந்தார்.

"சார்," என்றான் சார்லஸ். "நீங்க நீந்தி வாய்க்கா முனைக்குப் போயிருங்க சார். எதனா படகக் கூப்புட்டு வாங்க."

"கண்ணு தெரியலயேப்பா."

"நான் சொல்றேன் சார். லெப்ட்டு ரைட்டுன்னு கத்தறேன். கொள்ளிடத்தையே தாண்டினவரு, இது என்ன சார் உங்களுக்கு? வாய்க்கா."

உண்மையைச் சொல்லிவிடக் கலைமணி வாயைத் திறந்தார். போஸ்டர் கண்ணுக்குள் வந்தது. இப்போதைக்குக் கண்ணுக்குள் வரக்கூடியது அது ஒன்றுதான். "ஒரு வீரன் தன் தோழனை நட்டாற்றில் விட்டுவிட்டுப் போக மாட்டான் சார்லஸ்" என்றார்.

சார்லஸ் அழுதேவிட்டான். "பிரிசில்லா சொன்னா சார். என் ஒய்பு. வெள்ளத்துல எதுக்குய்யா போறன்னு சண்ட போட்டா. 'கூட யாரு போறா தெரியுமா, நீர்வேங்கை கலைமணி சார்'னு சொன்னப்புறம்தான் சட்டையத் துவைச்சிக் குடுத்து அனுப்புனா."

இடுப்புக்கு மேல் வந்தது. நீரோட்டம் அவரைக் கிளையிலிருந்து பிரித்துப் பார்த்தது. விரல்கள் வழுக்கின. பிரிசில்லா துவைத்த சட்டையின் சோப்பு வாசனை அவருக்குப் பக்கத்திலேயே அடித்தது. தன்னை நம்பி ஒரு வீட்டில் சோறு ஆக்கி வைத்திருப்பார்கள் என்று தோன்றியது. அது கண்ணெரிச்சலைவிட அதிகமாக எரிந்தது.

"நீ போயிருடா சார்லஸ். நீ நீந்திப் போயிரு. நான் இப்பிடியே கெடக்கேன்."

பக்கத்துக் கிளை ஆடுவது மட்டும் கேட்டது.

"சார்லஸ்!"

"எனக்கு நீச்சல் தெரியாது சார்."

தண்ணீர் மார்பில் மோதி ஒரு தடவை சத்தமிட்டது.

"உங்களுக்குத் தெரியுமேன்னுதான் சார் வந்தேன்" என்றான் சார்லஸ், மன்னிப்புக் கேட்கிற மாதிரி.

கலைமணி சிரித்தாரா அழுதாரா என்று அவருக்கே தெரியவில்லை. முகம் அந்த அளவுக்கு வீங்கியிருந்தது. "டேய்... எனக்கும் தெரியாதுடா."

"சார், வெளாடாதீங்க சார்."

"சத்தியமா தெரியாதுடா. கொள்ளிடத்துல நீந்துனது தங்கராசுடா."

சார்லஸ் என்ன செய்தான் என்று அவரால் பார்க்க முடியவில்லை. கிளை முறிகிற சத்தம் கேட்டது. அவன் பிடித்திருந்த கிளை. பிறகு ஒரு குளிர்ந்த கை அவர் கழுத்தைப் பிடித்துத் தொங்கியது. அந்த எடையில் அவருடைய கால் சேற்றில் இன்னொரு சாண் இறங்கியது. உப்புத் தண்ணீர் வாய்க்குள் போனது. துப்பினார். மறுபடி போனது.

அப்போது புதருக்கு அப்பாலிருந்து அதே பெண்குரல். "யோவ், சுத்திப் பாத்தது போதும், பசிக்குது. கரைக்கு வுடச் சொல்லு."

கலைமணி கத்தினார். அது டிவி குரல் இல்லை. காட்டுமன்னார்கோயில் வீட்டுக் கூடத்தில், வாளித் தண்ணீரோடு நின்று, மதகில் குதிக்கிற பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டு அழுத குரல்.

"யம்மோவ்! யக்கோவ்! எனக்கு நீச்சல் தெரியாதுக்கா! சத்தியமாத் தெரியாது! போஸ்டர்ல போட்டதெல்லாம் பொய்யி! கொள்ளிடத்துல நீந்துனது நான் இல்ல, கேபிள் பையன்! கண்ணு வேற பூட்ச்சிக்கா! இந்தப் புள்ளையும் எங்கூட சாவப் போவுது! கயித்த அறுத்துக்கினு வாங்கக்கா!"

கைதட்டல் இல்லை. விசில் இல்லை. இந்த அமைதி முன்னே இருந்த கூச்சலைவிடப் பயமாக இருந்தது. சுற்றிலும் எத்தனை படகு நின்று கேட்டுக்கொண்டிருக்கிறதோ என்று அந்த நிலையிலும் அவர் மனசு ஒரு மூலையில் எண்ணிக் கூசியது.

"உள்ள வுடுய்யா படக" என்றாள் அந்தப் பெண்.

"பேனர் போட்டுருக்குங்கம்மா. படம் எடுக்..."

"என்ன படம்? எந்தப் படத்துலய்யா ஹீரோ, தனக்கு நீச்சல் தெரியாதுன்னு ஊருக்கே தண்டோரா போடுவான்? சாவறவந்தான் அப்பிடிச் சொல்லுவான். வுடுய்யா!"

துணி கிழிகிற சத்தம். வெள்ளாறு டிவியின் பிளெக்ஸ்.

துடுப்பு மூச்சிறைக்க வந்தது. ஒரு ஆண் கை சார்லசின் அக்குளில் புகுந்து தூக்கியது. "கேமராவ வுடுப்பா மொதல்ல!" "விட மாட்டேங்க, வெள்ளிக்கிழம நிக்காஹ் இருக்கு!" அப்புறம் கலைமணியின் முறை. சேறு அவரை விடவில்லை. படகே ஒரு பக்கம் சாய்ந்தது. மூன்றாவது இழுப்பில் காலணிகளையும் கால்சட்டையின் பாதியையும் சேற்றுக்குக் கொடுத்துவிட்டு, பலகைமேல் வந்து விழுந்தார்.

அந்தப் பெண் ஒரு பாட்டில் நல்ல தண்ணீர் பூராவையும் அவர் கண்ணில் ஊற்றிக் கழுவி, முந்தானையைக் கிழித்து நனைத்துக் கட்டினாள். பேர் மங்கலம். ஊர் கம்மாபுரம். வீட்டுக்காரர் ராமாமிர்தம். "ஆஸ்பத்திரிக்குப் போனா சரியாப்பூடும் தம்பி. அழுவாதீங்க" என்றாள்.

"அழுவலக்கா. பாலு."

"செரி, பாலு."

வாய்க்கால் முனையில் இன்னொரு படகு எதிரே வந்தது. கொளஞ்சியப்பன் குரல். "மாமா! ஒண்ணும் ஆவலியே? மொகம் கொஞ்சம் வீங்கிக்கெடக்கு, பரவால்ல. அந்தோணிசாமி அண்ணன் மீச கருக்கிக்கினு வந்துருக்காரு. ஒரே ஒரு தடவ அந்தப் பக்கம் எறங்கி நின்னீங்கன்னா கண்டுபுடிக்கிற ஷாட்ட எடுத்துர்லாம்."

"ஆங், வெளிச்சம் இருக்கறப்பவே எடுத்துருங்க" என்றார் அந்தோணிசாமி. மீசையைத் தடவிக்கொண்டிருப்பார் என்று கலைமணி ஊகித்தார்.

"எடுக்க மாட்டேன்" என்றான் சார்லஸ். அந்த நாளில் அவன் எடுத்த நல்ல முடிவு அது ஒன்றுதான்.

"அப்ப ஞாயித்துக்கெழம?" என்று கொளஞ்சியப்பன் இழுத்தான். "பட்டம்?"

பக்கத்துப் படகுகளில் யாரோ யாருக்கோ போன் போட்டு, "நீர்வேங்கைக்கு நீச்சலே தெரியாதாம்டா, நெசமாத்தான்டா, நானே காதால கேட்டன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கரையேறுமுன்பே செய்தி பஸ் ஸ்டாண்டில் கரையேறியிருக்கும்.

ராமாமிர்தம் தொண்டையைச் செருமினார். "தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க ஊட்டாண்ட பம்பு செட்டுக் கெணறு ஒண்ணு இருக்கு. இடுப்புல கயித்தக் கட்டி, முதுகுல ஒரு பிளாஸ்டிக் கேன கட்டி எறக்கி வுட்டோம்னா தானா வந்துரும். எம்புள்ளைங்க ரெண்டுக்கும் நாந்தான் கத்துக்குடுத்தேன். கண்ணு சரியானதும் வாங்க. இந்தக் கேமரா தம்பியையும் கூட்டிக்கினு வாங்க."

கலைமணி கட்டுப்போட்ட கண்ணைக் குரல் வந்த பக்கம் திருப்பினார். நடுங்குகிற பல்லைக் கடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"கெணத்து மேட்டுல ஆளுங்க யாராவது நிப்பாங்களாண்ணா?"

"ஊரே நிக்கும்" என்றாள் மங்கலம், ஒரு கவளம் புளிச்சோற்றை அவர் கையில் வைத்து.